அப்பாவுக்கு வந்த வயது

எய்யா,

உன் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் போடாததற்கு மழையும் காரணமில்லை, அப்பாவின் உடம்பும் காரணமில்லை. போன வாரம் நீ போனில் கேட்டபோதுகூட ‘எழுதுகிறேன்’ என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். எஸ்.டி.டி. பூத்தில் முதுகுக்குப் பின்னால் நாலு பேர் நிற்கும்போது பேசக்கூடிய விஷயம் இல்லை இது. நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா, பூனாவில் குளிர் எப்படி என்று நான் வழக்கமாகக் கேட்கிறதையெல்லாம் இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். நீயும் ஓர் இடத்தில் உட்கார்ந்து இதைப் படி. ஆபீஸ் போகிற அவசரத்தில் படிக்காதே.

நீ எழுதியிருந்தாய்: ‘அம்மா, அப்பாவுக்கு நாற்பத்தொன்றில் வந்தது. எனக்கு இப்போது இருபத்தாறு. இன்னும் பதினைந்து வருஷம் இருக்கிறது. அது போதும். தையில் கல்யாணத்தை முடித்துவிடுங்கள். பிள்ளைகள் சீக்கிரம் பிறந்துவிட்டால், எனக்கு ஆரம்பிக்கிறபோது அவர்கள் விவரம் தெரிந்த வயதில் இருப்பார்கள்.’ ரயில் எந்த ஸ்டேஷனில் எத்தனை மணிக்கு நிற்கும் என்று எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறாய். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு அழுகை வந்தது. அழுது முடித்ததும் மறுபடியும் கோபம் வந்தது. பெற்ற பிள்ளை தன் ஆயுசை இப்படித் துண்டு போட்டுக் கணக்குப் பார்ப்பதை எந்தத் தாயும் படிக்கக் கூடாது. ஆனால் உன்னை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? இந்தக் கணக்கை நீ புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் வீட்டில் நோயோடு சேர்ந்து கணக்கும் பரம்பரையாக வந்துகொண்டிருக்கிறது.

நான் வள்ளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அதுவரைக்கும் உங்கள் வீட்டில் யாரும் வெளியிலிருந்து பெண் எடுத்ததில்லை. ஏன் எடுத்ததில்லை என்று கேட்கிற புத்தி அப்போது எனக்கும் இல்லை, என்னைக் கட்டிக் கொடுத்தவர்களுக்கும் இல்லை. நல்ல குடும்பம், நிலம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, மாப்பிள்ளைக்கு சர்க்கார் வேலை. அது போதும் என்று அனுப்பிவிட்டார்கள். நீ தொட்டிலில் கிடந்த சமயம் உன் தாத்தாவுக்கு ஆரம்பித்தது. முதலில் தோள் வெட்டி இழுத்தது. பிறகு இலையில் உட்கார்ந்தால் ரசம் சட்டையெல்லாம் சிந்தியது. பேசிக்கொண்டிருக்கும்போதே முகம் ஒரு பக்கம் கோணிக்கொண்டு போய்த் திரும்பி வந்தது. நான் பதறிப்போய் டாக்டரைக் கூப்பிடச் சொல்கிறேன், வீட்டில் ஒருவரும் அசையவில்லை. எல்லாரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்த விருந்தாளி வந்துவிட்ட மாதிரி இருந்தார்கள். அன்றைக்கு எனக்கு நோயைவிட அதுதான் பயமாக இருந்தது.

ஏரலிலிருந்து உன் அத்தை வந்துதான் எனக்கு விஷயத்தைச் சொன்னாள். “ஏட்டி, நம்ம வீட்டு ஆம்பளையளுக்கு ஒரு வயசுக்கு மேல இப்படித்தான். எங்க தாத்தாவுக்கு அறுபதுல வந்துது. அப்பாவுக்கு இப்பம் அம்பத்தாறு. ஒன் மாப்பிள்ளைக்கு அம்பத்தி நாலுல ராகு திசை பொறக்குதாம், அப்பந்தான் வருமாம். ஜோசியரு கணிச்சு வச்சிருக்காரு. பொம்பளையளுக்கு வராது. நீ எதுக்குட்டி பயப்படுதே” என்றாள். என்னைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னாள், பாவம். தாத்தாவுக்கு ஒரு தங்கச்சி இருந்ததும், நாற்பது வயதுக்கு மேல் தட்டு முட்டு சாமான்களை வீசி எறிந்து, கை கால் நிலைகொள்ளாமல் பின்கட்டு அறையிலேயே கிடந்து செத்துப்போனதும் எனக்கு வெகு நாளைக்குப் பிறகு தெரிந்தது. அவளுக்குப் பேய் பிடித்தது என்று சொல்லிவிட்டார்கள். ராகு பிடித்தவர்களின் எண்ணிக்கையில் அவளைச் சேர்க்கவில்லை. உன் வீட்டுக் கணக்கு அங்கேயே தப்பிப்போயிற்று.

வருஷா வருஷம் குன்னத்தூர் கோயிலுக்குப் போய் ராகுவுக்கு அர்ச்சனை செய்தோமே, உனக்கு நினைவிருக்கும். நீ ஆற்றில் குளிக்கிற ஆசையில் முதல் ஆளாகப் பஸ்ஸில் ஏறுவாய். உன் அப்பா அங்கே என்ன வேண்டிக்கொள்வார் தெரியுமா? வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டதில்லை. சொன்ன வயதுக்கு முன்னால் வரக் கூடாது என்றுதான் வேண்டிக்கொள்வார். ஐம்பத்து நாலுக்குள் உன்னைப் படிக்க வைத்து, வேலையில் உட்காரவைத்து, கல்யாணம் முடித்து, வீட்டுக்கு மேல் ஒரு மாடி எடுத்துவிடவேண்டும். எல்லாவற்றையும் வரிசையாகத் திட்டம் போட்டு வைத்திருந்தார். இரண்டாவது பிள்ளை வேண்டாம் என்று சொன்னதுகூட அந்தத் திட்டத்தில் சேர்ந்ததுதான். எனக்கு ஒரு பெண் குழந்தை வேண்டும் என்று ஆசை இருந்தது. அதைக் கேட்டுச் சண்டை போட்டிருக்கிறேன்.

அவருக்கு வாய்க்கால் பிரிவில் ஓவர்சீயர் வேலை. மதகுக்கு மேலே போட்டிருக்கிற ஒற்றைப் பலகையில் செருப்புக் காலோடு நடந்துபோய்த் தண்ணீர் அளவு பார்த்துவிட்டு வருவார். நீ பத்தாம் வகுப்புப் படித்த வருஷம், கார் சாகுபடிக்குத் தண்ணீர் விட்டிருந்த சமயம், அந்தப் பலகையிலிருந்து விழுந்துவிட்டார். தூக்கிக் கொண்டுவந்த ஆட்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அக்கா, அண்ணாச்சி கொஞ்ச நாளாவே தள்ளாடுதாக. ராத்திரிப் பழக்கத்தைப் பகல்லயும் வச்சுக்கிட்டாகளோ என்னவோ” என்றார்கள். அவரை அந்தப் பழக்கம் உள்ள மனிதர் என்று நான் நினைத்ததே இல்லை. இருந்தாலும் அவர்கள் போன பிறகு, வேட்டி மாற்றிவிடுகிற சாக்கில் குனிந்து அவர் வாயை முகர்ந்து பார்த்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. “குடிக்கலட்டி. எனக்கு வந்துட்டு” என்றார். பிறகு, “இன்னும் பதிமூணு வருஷம் இருக்குன்னுல்லா நெனச்சிருந்தேன்” என்றார். நீ எழுதியிருக்கிற அதே வார்த்தை, எய்யா. வருஷத்தின் எண்ணிக்கைதான் வேறு. அதனால்தான் உன் கடிதத்தை என்னால் கையில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

திருவனந்தபுரத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய் வந்ததைப் பற்றி உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதியை இப்போது சொல்கிறேன். அங்கே நரம்பு டாக்டரம்மா நாகர்கோவில்காரர், அதனால் எனக்குப் பேச வசதியாக இருந்தது. இது ராகுவுமில்லை, சாபமுமில்லை, அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ ரத்தத்தோடு வருகிற ஒன்று என்றார். பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி, ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. இவ்வளவையும் உனக்கு எழுதினேன். ஏன் ஒருவருக்கு அறுபதில் வருகிறது, ஒருவருக்கு நாற்பதில் வருகிறது என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை எழுதவில்லை.

நம் உடம்பில் ஒவ்வோர் அணுவுக்குள்ளும் நம்மைப் பற்றிய எழுத்து இருக்கிறதாம். அதில் ஓரிடத்தில் மூன்றே மூன்று எழுத்து திரும்பத் திரும்ப வருமாம். எல்லாருக்கும் அப்படித்தான். அது ஓர் அளவுக்குள் இருந்தால் ஒன்றும் இல்லை. அளவு தாண்டி நீண்டுவிட்டால் இந்த நோய். எவ்வளவு நீளமோ, பெரும்பாலும் அவ்வளவு சீக்கிரம். எனக்கு அது உடனே விளங்கிவிட்டது. இத்தனை வருஷம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் இல்லையா நான்? புதிதாகச் சேர்கிற பிள்ளைகளிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்து அடிக்கச் சொன்னால் வார்த்தை தப்பினால் உடனே கண்ணில் படும். ஒரே எழுத்துகளை வரி முழுக்க அடித்து வைத்திருக்கிற தாளைக் கொடுத்து, இதைப் பார்த்து அடி என்றால் எங்கே விட்டோம் என்று தெரியாமல் இரண்டு தடவை கூடுதலாக அடித்துவிடும். அந்தத் தாளைப் பார்த்து அடுத்த பிள்ளை அடித்தால் இன்னும் கொஞ்சம் கூடும். வரி நீள நீளத் தப்பும் கூடும். இதை நான் டாக்டரம்மாவிடம் சொன்னேன். “கிட்டத்தட்ட அதேதாம்மா. தகப்பன் வழியாப் போகும்போதுதான் அது ரொம்ப நீண்டுபோவும். தாய் வழியாப் போனா அவ்வளவு மாறாது” என்றார். தாத்தாவுக்கு ஐம்பத்தாறு. அவர் வழியாக அப்பாவுக்கு நாற்பத்தொன்று. அப்பா வழியாக வருகிறவன் நீ. திரும்பி வரும்போது நாகர்கோவில் வரைக்கும் நான் பஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். இதை உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதியிருந்தால் நீ பதினைந்து வருஷம் என்று கணக்குப் போட்டிருக்க மாட்டாய்.

ஆனால் இதைப் படித்துவிட்டு, பதினைந்துக்குப் பதிலாக ஐந்து என்று இன்னொரு கணக்குப் போட ஆரம்பித்துவிடாதே. நீ அப்படிப்பட்ட ஆள்தான், எனக்குத் தெரியும். டாக்டரம்மா அதையும் சொன்னார். “நீளத்தை வச்சுத் தேதி குறிக்க முடியாதும்மா. ஒரே நீளம் இருக்கிற ரெண்டு பேருக்குப் பல வருஷ வித்தியாசத்துல வரும். வேற ஏதோ ஜீனும் உள்ள இருந்து முந்தவும் பிந்தவும் செய்யுது. அது என்னன்னு எங்களுக்கே இன்னும் பிடிபடல” என்றார். ஒரே தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைகளுக்குக்கூட ஒரே நீளம் வராதாம். எல்லாவற்றுக்கும் மேலாக, உனக்கு அது வராமலே போயிருக்கலாம். அதற்கும் சரிபாதி இடம் இருக்கிறது. உன் கடிதத்தில் அந்தப் பாதியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வந்துவிட்டது என்றே முடிவு செய்துகொண்டு, எப்போது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறாய். உன் அப்பாவும் அப்படித்தான் இருந்தார். நாற்பத்தொன்று வரைக்கும் நன்றாக இருந்த காலத்தைக்கூட அவர் நன்றாக இருந்து அனுபவிக்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய துக்கம்.

இனிமேல் எழுதப்போவது இதைவிடக் கஷ்டமானது. அத்தை மகள் உனக்கு உரிமைப் பெண். உரிமை என்பதற்காக மட்டும் நீ சம்மதிக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். தீபாவளிக்கு வந்தவன், கோயிலுக்கு, கோயிலுக்கு என்று சொல்லிக்கொண்டு ஏரலுக்குப் போய்க்கொண்டே இருந்தாய். எந்தச் சாமி என்று எனக்குத் தெரியாதா? அவளும் நல்ல பிள்ளை. வந்தால் அப்பாவுக்கு வாய் துடைத்துவிடுவதிலிருந்து எல்லாம் செய்வாள், முகம் சுளிக்க மாட்டாள். வெளியில் பெண் கேட்டால் நம் வீட்டைப் பற்றி விசாரிப்பார்கள். உள்ளுக்குள்ளேயே எடுத்தால் விசாரிக்க ஒன்றுமில்லை. உங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் முடித்திருக்கிறார்கள். நீ நினைத்தது இன்னும் ஒரு படி மேல். விஷயம் தெரிந்த பெண், ஏமாற்றிக் கட்டினோம் என்று இராது, அவளுக்கோ நோய் வராத வழி, ஆகவே பிள்ளைகளுக்கு ஆபத்து உன் ஒருவனால் மட்டும்தான் என்று நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆணும் பெண்ணும் ஒன்றுதான் என்று டாக்டரம்மா சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்த பிறகும், ஐம்பத்தாறு வயது வரைக்கும் கல்லு மாதிரி இருக்கிற அத்தையைப் பார்த்து, அவளுக்கு இல்லை என்று நானே தீர்த்துவிட்டேன்.

முறைப்படி நாம்தான் பெண் வீட்டுக்குப் போய்ப் பேச்சை உறுதி செய்யவேண்டும். அப்பாவை அசைக்க முடியாது என்பதால் மாமாவும் அத்தையும் வெற்றிலை பாக்குத் தட்டோடு இங்கே வந்தார்கள். அப்பாவைச் சாய்வு நாற்காலியில் இரண்டு பக்கமும் துணி சுருட்டி வைத்து உட்காரவைத்திருந்தேன். அத்தை அவருக்கு எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து கல்யாண மண்டபம், சமையல்காரர் என்று சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தாள். நான் காபி கலந்துகொண்டிருந்தேன். பிறகு அத்தை எழுந்து, பெண்ணுக்குத் தாய்மாமன், பையனுக்குத் தகப்பன், நீதான் வாங்கணும் என்று தட்டை அப்பாவின் கையில் கொடுத்தாள். தட்டு பறந்துபோய் விழுந்தது. தேங்காய் உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. வெற்றிலையெல்லாம் சிதறிக் கிடந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. “மன்னிச்சுக்கிடுங்க மதினி, கை நிக்க மாட்டேங்கு” என்றேன். “விடுட்டி. தம்பி கை என்ன செய்யும், பாவம். பையப் பைய எடுத்து வையி. அவனுக்குப் பதிலா நீ வாங்கிக்கோ” என்றாள். நான் பொறுக்கி எடுத்து வைத்து வாங்கிக்கொண்டேன். நிச்சயம் முடிந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஏரல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்ட உட்கார்ந்தேன். வாயைத் திறக்கவில்லை. அவர் இப்போது பேசுவது எனக்கே பாதி விளங்காது, உனக்குத் தெரியும். வெகு நேரம் திணறிவிட்டு “அக்கா” என்றார். “மதினி போயிட்டாக” என்றேன். தலையை ஆட்டினார். அது இல்லை என்கிற ஆட்டம். மறுபடியும் “அக்கா... காலு” என்றார். என்ன காலு என்று நான் கேட்க ஆரம்பித்தேன், கேட்டு முடிப்பதற்குள் எனக்கே வந்துவிட்டது. நான் காபி கலந்துகொண்டிருந்தபோது முன்னறையில் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சிமெண்டுத் தரையில் மெட்டி தட்டுகிற சத்தம். உட்கார்ந்திருக்கிறவளுக்கு மெட்டி ஏன் சத்தம் போடவேண்டும்? விரல்கள் சும்மா இராமல் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தால்தான் அப்படிக் கேட்கும். அப்பாவுக்கும் அப்படித்தான், பலகையிலிருந்து விழுவதற்கு முன்பே, ஒரே பாயில் படுத்திருக்கும்போது அவர் கால் விரல்கள் தூக்கத்துக்கு முன்னால் ஓயாமல் ஆடும். கொசு என்று நினைத்துக் காலைத் தட்டிவிடுவேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்தக் காலை எனக்குத் தெரியும். அப்பாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அத்தைக்குத்தான் தெரியாது. தன் கால் ஆடுவதே அவளுக்குத் தெரியவில்லை.

அப்படியானால் அத்தை மகளுக்கும் பாதிக்குப் பாதி. இரண்டு பேருக்கும் இருந்துவிட்டால், பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் மூன்று பங்கு வருமாம், டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டேன். இரண்டு பேருக்கும் இல்லாமலும் இருக்கலாம். ரத்தத்தைப் பெங்களூருக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்கிறார். ஆனால் பார்த்தே ஆகவேண்டும் என்று உன்னையோ அவளையோ யாரும், நான் உள்பட, கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் கண்டித்துச் சொன்னார். தெரியாமலே இருக்க ஒருவர் விரும்பினால் அது அவர் பாடு. எனக்கு யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நான் இந்த வீட்டுக்கு வந்திருக்க மாட்டேன். அப்போது நீ இருந்திருக்க மாட்டாய். அதை மட்டும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இருந்தாலும் சொல்லியிருக்கவேண்டும், எய்யா. எனக்குச் சொல்லாமல் விட்டது அநியாயம். அந்த அநியாயத்தை ஏரல் பிள்ளைக்கு என் கையால் செய்ய மாட்டேன். நீ லீவு போட்டுவிட்டு வா. கடிதத்தில் எழுதாதே, நேரில் போய் அவள் முகத்தைப் பார்த்துச் சொல். உனக்கு முடியாது என்றால் சொல்லிவிடு, நான் போகிறேன். எல்லாம் தெரிந்த பிறகும் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இருக்கத்தான் போகிறோம் என்றால் நானே முன்னால் நின்று நடத்துவேன். பிள்ளை வேண்டுமா, எப்படி என்பதை டாக்டரிடம் போய்க் கேளுங்கள். அவளுக்குத் தெரியாமல் மட்டும் தாலி ஏறக் கூடாது. அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அப்பா சம்மதிக்கிறாரா என்று நீ கேட்பாய். அன்றைக்குக் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு நான் ஒரு காரியம் செய்தேன். காலையில் அத்தை கொண்டுவந்த அந்த வெள்ளித் தட்டைத் துடைத்து, வெறுமனே அவர் கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தட்டு ஆடியது, கடகடத்தது, ஆனால் விடவில்லை. மடியோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். நான் வெற்றிலையை எடுத்து அதில் வைத்தேன். என் முகத்தைப் பார்த்தார். தட்டைத் தூக்கி எறிந்தார். வாயால் ஒரு வாய்க் கஞ்சி வாங்க முடியாத மனிதர், காலையில் தன் மனசறிந்து, தன் பலத்தையெல்லாம் கூட்டி மகனுக்காக ஒரே ஒரு காரியம் செய்திருக்கிறார். அதற்குப் போய் நான் உன் அத்தையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்தத் தட்டை என் கையால் வாங்கியிருக்கிறேன்.

அம்மா